மூன்றாவது கொக்கி

என்னிடம் பதினேழு பாட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. சினிமாக் கொட்டகை வாசலில் விற்பார்களே, கதைச் சுருக்கமும் பாட்டுகளும் அச்சடித்த மெல்லிய புத்தகம், அதுதான். அவற்றில் ஒரு பாட்டுகூட எனக்கு மனப்பாடம் இல்லை. பாட்டுக்காக நாங்கள் அவற்றை வாங்கவில்லை. பின் அட்டையின் உள்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் பென்சிலால் ரவிக்கைக் கை வரைவதற்காக வாங்கினோம். இருட்டில் போட்ட கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. இது கழுத்து, இது முழங்கை, இது நான் சிரித்துக்கொண்டே இடித்ததில் அவள் கை வழுக்கிப் போன கோடு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். வரைந்தவள் என்னை விட்டுப் போய் வெகு காலம் ஆகிவிட்டது.

நாங்கள் சிகந்தராபாத்தில் குடியேறியது நிஜாம் காலத்தில். என் கணவர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமான மறு மாதமே என்னை அழைத்துவந்து, முன்னறை, பின்னறை, ஒரு சமையல் மூலை கொண்ட குவார்ட்டர்ஸில் இறக்கிவிட்டார். காலையில் சங்கு ஊதும்போது போவார், சாயங்காலம் சங்கு ஊதிய பிறகு வருவார். நடுவில் பேச எனக்கு ஆள் கிடையாது. தெலுங்கும் தெரியாது, உருதுவும் தெரியாது. தையல் கொஞ்சம் தெரியும் என்பதால் காலனிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். என் தையல் கெட்டி என்று எல்லோரும் சொன்னார்கள். அழகு என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

அந்தக் கோடுகளை வரைந்தவள் பக்கத்து மாரெட்பள்ளியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கத்தோலிக்கக் குடும்பம். இரண்டு தலைமுறைக்கு முன்பே திருநெல்வேலியிலிருந்து பட்டாளத்தோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் ஆகவில்லை. என்னைவிட நான்கு வயது இளையவள். கான்வென்ட் கன்னியாஸ்திரீகள் அவளுக்குத் தையல் கற்றுக்கொடுத்திருந்தார்கள். என்னிடம் துணி கொடுக்க வந்த ஓர் அம்மாளுக்குத் துணையாக வந்தவள், நான் துணி வெட்டுவதைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு பொறுக்கமாட்டாமல் வாயைத் திறந்தாள்.

"நக்கோ அக்கா, அப்படி வெட்டாதீங்க. தோள் இறங்கிடும்."

அந்த ஊரில் வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பார்கள். சொன்னதோடு நிற்காமல் கத்தரிக்கோலையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அந்த ரவிக்கைக்குத் தோள் இறங்கவில்லை. இரண்டே வாரத்தில் அவளுடைய கால் மெஷின் ஒரு கைவண்டியில் ஏறி வந்து என் பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்தது. அண்ணிக்கு மெஷின் சத்தம் ஆகவில்லையாம். காலையில் வருவாள், விளக்கேற்றும் முன் கிளம்புவாள். இப்படித்தான் எங்கள் தொழில் தொடங்கியது.

எங்கள் இருவருக்கும் சினிமாப் பைத்தியம். மாதம் இரண்டு மூன்று மாட்டினி போவதற்கு வீட்டில் என்ன சொல்வது? தொழிலுக்காகப் போகிறோம் என்றோம். முதலில் அது சும்மா சொன்ன சாக்கு. போகப் போக உண்மையாகிவிட்டது.

ஹைதராபாத் கொட்டகைகளில் அப்போது பெண்களுக்குத் தனி இடம் உண்டு. அதன் முன்னால் கனத்த திரை தொங்கும். விளக்கு அணைந்த பிறகு ஓர் ஆயா கயிற்றை இழுத்து அதை ஒதுக்குவாள். விளக்கு எரிவதற்கு முன்பே மூடிவிடுவாள். இடைவேளை முழுவதும் திரைக்குப் பின்னால் பெண்கள் மட்டுமே இருப்போம். நவாப் வீட்டு அம்மாள்கள் புர்க்காவைக் கழற்றி மடியில் போட்டுக்கொள்வார்கள். தெலுங்கு, உருது, மராத்தி, தமிழ் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கும். என் சிநேகிதி நான்கிலும் பேசுவாள், நான்கிலும் இங்கிலீஷைக் கலந்துவிடுவாள். அடுத்த நாற்காலிக்காரியின் கைத் தையலை விரலால் தடவி, யார் தைத்தது என்று விசாரிப்பாள். அவள் பதில் சொல்வதற்குள் தன் கையை நீட்டித் தன் ரவிக்கையைக் காட்டுவாள். அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் பிடித்த வாடிக்கையை நான் பத்து மாதம் வாசலில் உட்கார்ந்திருந்தாலும் பிடித்திருக்க மாட்டேன்.

பாடம் என்று நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டது சினிமாவிலிருந்து அல்ல, நாடகத்திலிருந்து. மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்று சிகந்தராபாத் மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் குடும்பப் பெண்களுக்கென்று ஓர் ஆட்டம் வைத்தார்கள். கடைசிக் காட்சியில் ராஜா போர்க்களத்தில் விழுந்து, ஒரு நீளமான பாட்டைப் பாடி முடித்து உயிரை விட்டார். ராணி வேஷக்காரர் மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். உடனே ஜனங்கள் 'ஒன்ஸ் மோர்' என்று கத்தினார்கள். செத்த ராஜா எழுந்து, கிரீடத்தைச் சரிசெய்து, முழுப் பாட்டையும் மறுபடி பாடிவிட்டு இன்னொரு தடவை செத்தார். ராணியும் அழுகையை முதலிலிருந்து தொடங்கினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ராஜாவின் முகத்தை நான் கவனித்தேனா என்று கேட்டாள். இரண்டாம் தடவை எழுந்தபோது கொஞ்சம்கூடச் சுளிக்கவில்லையாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தைத்த ரவிக்கையைத் திருப்பிக் கொண்டுவந்தால் முகம் சுளிக்கக் கூடாது என்றாயிற்று. கை இறுக்கம் என்று பிரித்துக் கொடுத்ததை, இப்போது தொளதொள என்று அதே அம்மாள் கொண்டுவருவாள். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிடும். இவளோ, "ஒன்ஸ் மோர் அக்கா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பிரிக்க உட்காருவாள். நான் ஒரு தடவை செத்தால் செத்ததுதான் என்கிற ரகம். இவளால்தான் எங்களுக்கு நல்ல பெயர் வந்தது.

ஆனால் சினிமாவை நம்பி ஒரு முறை நன்றாக மூக்குடைபட்டோம். ஒரு படத்தில் கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடுவாள். தோளில் உப்பின பஃப் கை, கை ஓரத்தில் வெளிர்க் கரை. இரண்டு முறை போய்ப் பார்த்து வரைந்து வந்தோம். படத்தில் நிறம் ஏது? கறுப்பு, வெள்ளை, நடுவே சாம்பல், அவ்வளவுதான். ஆனால் அந்த ரவிக்கை அரக்கு நிறம் என்பதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. ஜெனரல் பஜாரில் அரக்குத் துணி ஒரு முழு பீஸ் வாங்கி, தீபாவளிக்குப் பன்னிரண்டு ரவிக்கை தைத்து வைத்தோம்.

வந்தவர்கள் எல்லோரும் ஆசையாகக் கையில் எடுத்தார்கள், பிரித்துப் பார்த்தார்கள், கீழே வைத்தார்கள். அளவு சரி, கை சரி, ஆனால் படத்தில் இருந்தது பச்சை அல்லவா என்றாள் ஒருத்தி. நீலம் என்றாள் இன்னொருத்தி. நவாப் வீட்டு ஆயா ஒருத்தி ஊதா என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தாள். சொந்தக் கண்ணால் பார்த்தேன் என்று ஒவ்வொருத்தியும் சண்டைக்கு வந்தாள். ஒன்றுகூட விலை போகவில்லை. பன்னிரண்டு ரவிக்கையையும் நடுவில் போட்டுக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அவளோ திடீரென்று துள்ளி எழுந்தாள். பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு நிறம் தெரிகிறதென்றால் பன்னிரண்டு ரவிக்கை விற்கலாமே, நாம் ஏன் நிறத்தைச் சொல்ல வேண்டும் என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் துணி வாங்கி வைக்கவே இல்லை. வெள்ளைத் துணியில் கை மாதிரி ஒன்று தைத்துச் சுவரில் மாட்டுவோம். வருகிறவளிடம் முதல் கேள்வியாக, "நீங்க என்ன கலர் பாத்தீங்க?" என்று கேட்போம். அவ்வளவுதான், அந்தப் பெண் உட்கார்ந்துவிடுவாள். எந்தக் காட்சி, எந்தப் பாட்டு, தன் கல்யாணப் புடவை என்ன நிறம், அம்மா வீட்டில் எந்த நிறம் கூடாது என்று எல்லாம் சொல்லிவிட்டுத் துணியும் அவளே வாங்கிக் கொடுப்பாள். கேட்பதற்கு ஆள் இல்லாமல் எத்தனை பெண்கள் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மீந்த அரக்கு ரவிக்கைகளை நாங்கள் இருவரும் பங்கு போட்டு வருஷக்கணக்கில் அணிந்தோம். இரட்டைப் பிறவிகளா என்று காலனியில் கேலி செய்வார்கள். எனக்கு அந்தக் கேலி பிடிக்கும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எங்களுக்கு அதிகம் பலித்த பாடம்.

யுத்த காலத்தில் வந்த ஒரு படம். ராஜகுமாரி வளையல்காரனிடம் வளையல் பார்க்கிறாள். இது சொத்தை, அது மட்டம் என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறாள். வளையல்காரன் கூப்பிடவில்லை, விலையைக் குறைக்கவில்லை, தலையைக்கூடத் தூக்கவில்லை. கடை மூட்டையைக் கட்டத் தொடங்குகிறான். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு. மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான். ராஜகுமாரி படியிலிருந்து திரும்பி நிற்கிறாள். இருட்டில் என் சிநேகிதி என் தொடையைக் கிள்ளிய தழும்பு ஒரு வாரம் இருந்தது.

எங்களிடம் மூட்டை இல்லை, கொக்கி இருந்தது. ரவிக்கைக்கு ஐந்து கொக்கி. அது கையால் தைக்கிற வேலை. ஸ்டேஷன் அதிகாரி ஒருவரின் மனைவி வந்தாள். பஜார் தையல்காரன் இதைவிட நன்றாகத் தைப்பான் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வழக்கமாக நான் பின்னாலேயே ஓடுவேன். அன்று இருவரும் தலை குனிந்தோம். முதல் கொக்கி. செருப்பைத் தேடுகிற சத்தம். இரண்டாவது கொக்கி. செருப்பு மாட்டியாகிவிட்டது, ஆனால் நடக்கவில்லை. மூன்றாவது கொக்கியைத் தைத்துவிட்டு நிமிர்ந்தோம். எப்போது தருவீர்கள் என்று கேட்டாள். அவள் போன பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் குழந்தை முழித்துக்கொண்டது.

அதற்குப் பிறகும் அந்த வித்தை தப்பவே இல்லை. எனக்குக் குஷி தாங்கவில்லை. ஐந்து கொக்கியும் தைத்து முடிக்கும்வரை நிமிராமல் இருந்தால் இன்னும் கெத்தாக இருக்குமே என்று ஒருநாள் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நக்கோ அக்கா. மூணாவதுக்கு அப்புறம் கண்டிப்பா தலைய தூக்கணும். அவங்களும் மனுஷங்கதானே, எவ்ளோ நேரம் நிப்பாங்க? அதுக்கு மேல தைச்சா அது வியாபாரம் இல்ல, திமிர்."

சரி என்றேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். ஒரு மாட்டினி பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பஸ் ஹுசேன் சாகர் ஏரிக் கரைமேல் போகும்போது அவள் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அண்ணன் பெங்களூருக்கு வேலை மாத்திக்கிட்டான் அக்கா. வீட்டக் காலி பண்றாங்க. என்னையும் வரச் சொல்றான். நான் என்ன பண்ணட்டும்?"

"உன் இஷ்டம்" என்றேன்.

அது என் பதில் அல்ல. மறுநாள் காலை என் கணவர் வேலைக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், தையல் டேப்பை எடுத்துப் பின்னறையை அளந்ததுதான். மெஷினை இரண்டு சாண் நகர்த்தினால் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம். அவரும் அந்தப் பெண்ணை இங்கேயே இருக்கச் சொல்லேன் என்றார், தானாகவே. அவளே கேட்கட்டும் என்று நான் சொன்னேன். அவளுக்கு அங்கே என்ன காத்திருந்தது? அண்ணன் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் அண்ணிக்கு எதிரே வாயை மூடிக்கொண்டு இருப்பதும்தான். அவள் போக விரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு ஏன் கேட்கவில்லை? நான் இருக்கச் சொல்லி, அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் அந்தப் பின்னறையில் நான் எப்படி உட்காருவேன் என்று பயந்தேன். பயத்துக்கு ஒரு நல்ல பெயர் வேண்டுமே. எழுந்தவர்களைக் கூப்பிடக் கூடாது, தானாகத் திரும்புவார்கள் என்கிற பாடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஊர்ப் பெண்களையெல்லாம் என்ன நிறம் பார்த்தாய் என்று கேட்ட நான், இவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்து நாள் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஒப்புக்கொண்ட ரவிக்கைகளை அவள் ஒவ்வொன்றாக முடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பயணப்படும் அன்று காலை பத்து மணிக்கு வந்தாள். ரயில் மத்தியானம். அரக்கு ரவிக்கை போட்டிருந்தாள். உட்காரவில்லை. மெஷின் இங்கேயே இருக்கட்டும், இப்போது தூக்கிக்கொண்டு போக முடியாது என்றாள். மெஷினை விட்டுப் போகிறவள் திரும்பி வருகிறவள்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் சுவரோரம் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி வைக்கத் தொடங்கப் போகிற நேரம். அவள் வாசற்படியில் நின்று, "அப்போ வரேன் அக்கா" என்றாள்.

நான் ம் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

முதல் கொக்கியை எடுத்தேன். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அவள் நடக்கவில்லை. இரண்டாவது கொக்கி தைக்கும்போது பையை ஒரு கையிலிருந்து மற்ற கைக்கு மாற்றினாள் என்று நினைக்கிறேன், வளையல் சத்தம் கேட்டது. திரும்புகிறாள், திரும்புகிறாள் என்று என் மனம் அடித்துக்கொண்டது. நான் நிமிர்ந்தபோது வாசலில் வெயில் மட்டும் இருந்தது.

ஸ்டேஷன் நடந்து போகிற தூரம்தான். நான் போகவில்லை. வருவாள் என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுவதும், அப்புறம் அந்த மாதம் முழுவதும், செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலைப் பார்த்தேன். தனியாக ஒரு மாட்டினிக்குப் போனேன். பாட்டுப் புத்தகமும் வாங்கினேன். எனக்கு வரையத் தெரியாது. இடைவேளையில் திரை மூடியதும் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஹைதராபாத்தில் படம் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஊர் குளிராக இருக்கிறதாம். அண்ணன் பிள்ளைகள் இவளிடம் ஒட்டிக்கொண்டார்களாம். அங்கே கொட்டகையில் திரை கிடையாதாம், இடைவேளையில் ஒருத்தியிடமும் பேச முடியவில்லையாம். ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலைக்கு மூன்று வருஷம் இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாளாம். மெஷினை நானே வைத்துக்கொள்ள வேண்டுமாம். கடைசி நாலைந்து வரிகள் மட்டும் அவள் நேரில் பேசுகிற மாதிரியே இருந்தன.

"கோபம் ஒண்ணும் இல்ல அக்கா. பஸ்ல கேட்டப்பவே நீங்க நக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அண்ணன்கிட்ட பேசியிருப்பேன். அன்னிக்கு வாசல்ல நீங்க ஊசிய எடுத்ததும் எனக்குப் புரிஞ்சிடுச்சு, என்னையும் வாடிக்கைக்காரி மாதிரி நிக்க வச்சிட்டீங்கன்னு. சரி, அக்கா மூணாவது முடிச்சதும் தலைய தூக்குவாங்க, அப்போ சிரிச்சிக்கிட்டே உள்ள வந்து உக்காந்துடலாம்னு நின்னேன். மூணாவது வரைக்கும் நின்னேன் அக்கா."

மெஷின் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. அதை இரண்டு சாண் நகர்த்திக் கட்டில் போட்டது கடைசியில் என் பேத்தி படுப்பதற்காக. வாசலில் யார் செருப்பு மாட்டினாலும் நான் கூப்பிட்டுவிடுகிறேன், காய்கறிக்காரியைக்கூட. இப்படிக் கூப்பிட்டால் விலை குறைக்க மாட்டாள் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

அந்தக் கடிதத்துக்குப் பதிலாக நான் பல பக்கம் எழுதினேன். இடம் அளந்தது, பயந்தது, தினம் வாசலைப் பார்த்தது எல்லாம் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அன்று மூன்றாவது கொக்கியைத் தைத்து முடித்தபோது என் கண் நிறைந்திருந்தது. இந்த முகத்தோடு எப்படி நிமிர்வது, இன்னும் ஒரு நிமிஷம் போகட்டும் என்று குனிந்தே இருந்தேன். அவள் போன பிறகு மடியில் கிடந்த ரவிக்கையை எடுத்துப் பார்த்தேன். கொக்கி நாலு இருந்தது.